சோற்றை நிறுத்திய வருடம்

எங்கள் வீட்டுக்கு எந்தத் தாள் வந்தாலும் அது என் கைக்குத்தான் வரும். கரண்ட் பில், ரேஷன் கார்டு, அப்பாவின் இறப்புச் சான்றிதழ், பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்த வக்கீல் நோட்டீஸ்கூட. எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்தை முடித்து, அதற்கு மேல் டிப்ளமோவும் படித்தவன் நான் ஒருவன்தான். அதனால் என் மனைவியின் ஸ்கேன் ரிப்போர்ட்டும் என் கைக்கு வந்தது. அன்றிலிருந்து அவள் உடம்பே என் கைக்கு வந்துவிட்டதாக நான் நினைத்துக்கொண்டேன். இதை எழுதும்போது கூசுகிறது. ஆனால் நடந்தது அதுதான்.

கல்யாணமாகி மூன்று வருடம் ஆகியிருந்தது. குழந்தை இல்லை. அவளுக்கு மாதவிடாய் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும், சில சமயம் நாலு மாதம்கூட ஆகும். தாம்பரத்தில் ஒரு லேடி டாக்டரிடம் போனோம். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அவர் நிதானமாகத்தான் சொன்னார்.

"பி.சி.ஓ.எஸ். நீர்க்கட்டின்னு சொல்வாங்க இல்ல, அதான். பயப்படாதீங்கம்மா, நெறைய பேருக்கு இருக்கு. வெயிட் கொஞ்சம் எறங்கணும். அரிசி, சர்க்கரை, மைதா இதெல்லாம் குறைங்க. மாவுச்சத்து கம்மியானா இன்சுலின் கன்ட்ரோலுக்கு வரும், பீரியட்ஸ் ஒழுங்காக சான்ஸ் இருக்கு. ஒரு மாத்திரை தரேன். தினம் நடங்க. ஆறு மாசம் பாப்போம்."

"அப்புறம் கொழந்த?" என்று அவள் கேட்டாள்.

"மொதல்ல இது. அப்புறம் அது."

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். நோய்க்கு ஒரு பெயர் கிடைத்ததே அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதுவரை அவளைப் பார்த்தவர்கள் 'ராசி' என்றும் 'தோஷம்' என்றும்தான் சொல்லியிருந்தார்கள்.

"ஆறு மாசம்தான மாமா? கண்ண மூடிகினா ஓடிப்புடும்" என்றாள்.

எங்கள் வீடு கோவிலம்பாக்கத்தில் இருக்கிறது. வாடகை வீடு, இரண்டு அறை. அம்மா விடியற்காலையில் கரைக்குப் போய் மீன் எடுத்துவந்து மெயின் ரோட்டோரம் உட்கார்ந்து விற்பாள். நான் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் கார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை பார்க்கிறேன். என் மனைவி தாம்பரத்தில் ஓர் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் மிஷின் தைக்கிறாள். மூன்று பேரும் மூன்று பக்கம் போய் சாயங்காலம் ஒரு சட்டிச் சோற்றைச் சுற்றி வந்து சேருவோம்.

அந்தச் சட்டியைத்தான் நான் தொடப்போகிறேன் என்றதும் அம்மா கத்தியைக் கீழே வைத்தாள்.

"சோத்த நிறுத்தணுமா? இன்னாடா சொல்ற? வயித்துல ஒண்ணுமே போடாம வயித்துல இன்னாடா தங்கும்?"

"டாக்டர் சொல்லிக்கிறாங்கமா."

"அந்த டாக்டரு இன்னா, காத்தயா துன்னுது?"

என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. படித்தவன் சிரிக்கக்கூடாத நேரம் அது என்று எனக்குத் தோன்றியது.

எங்கள் தொழிற்சாலையில் எதற்கும் ஒரு செக் ஷீட் உண்டு. ஒரு பாகம் லைனிலிருந்து வந்தால் அதன் அளவு, துளை, பூச்சு எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டிருக்கும். சரியாக இருந்தால் டிக். இல்லையென்றால் 'என்.ஜி.', அதாவது 'நாட் குட்' என்று எழுதி, சிவப்புத் தொட்டியில் போடுவோம். குறைபாடு குறைந்தால் போதாது, பூஜ்யமாக வேண்டும் என்று சுவரெல்லாம் எழுதி வைத்திருப்பார்கள். நான் நல்ல பரிசோதகன். அந்தப் பெருமையோடு வீட்டுக்கும் ஒரு ஷீட் போட்டேன். சோறு, சர்க்கரை, மைதா, மீன், முட்டை, கீரை, நடை, மாத்திரை என்று கட்டங்கள். கடைசியில் மாதவிடாய்த் தேதிக்கு ஒரு கட்டம். ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டினேன். டாக்டர் 'குறைங்க' என்றது என் கையில் 'நிறுத்து' என்று ஆனது எந்த இடத்தில் என்று எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. அந்த வித்தியாசம் அப்போது என் கண்ணில் படவே இல்லை.

சோறு போனது. அதற்குப் பதிலாகச் சப்பாத்தி வந்தது.

சர்க்கரை வியாதிக்காரர்கள் சப்பாத்தி சாப்பிடுவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் கேன்டீனில் சர்க்கரை உள்ளவர்களுக்கென்றே ஒரு சப்பாத்தி வரிசை நிற்கும். அரிசி கெட்டது, கோதுமை நல்லது. இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, ஆனால் நான் சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன். அவள் விடியற்காலையில் எழுந்து மாவு பிசைந்து தேய்ப்பாள். காலை மூன்று, மதியம் டப்பாவில் நான்கு, ராத்திரி மூன்று. நடுவில் பசித்தால் கேழ்வரகுக் கூழ். துணிக் கம்பெனியில் மதியச் சாப்பாட்டில் எல்லாரும் டப்பாவை நடுவில் வைத்து மாற்றிமாற்றிச் சாப்பிடுவார்களாம். இவள் மட்டும் தள்ளி உட்கார்ந்து சப்பாத்தியை மென்றுகொண்டிருப்பாளாம்.

"இன்னாடி, சேட்டு வூட்டுக்கு வாக்கப்பட்டுட்டியா?" என்று கேட்கிறார்கள் என்று வந்து சொன்னாள். சொல்லும்போது சிரித்தாள்தான். நான் சோறு என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

மூன்று மாதம். ஒரு நாள்கூடத் தவறவில்லை. தாம்பரத்தில் எடை பார்த்தபோது இரண்டு கிலோ கூடியிருந்தது. மாதவிடாய் வரவில்லை. டாக்டர் எங்களை அங்கேயே இருந்த உணவு ஆலோசகரிடம் அனுப்பினார். சின்னப் பெண், என் வயதுகூட இருக்காது.

"சோறு எவ்ளோ எடுக்கறீங்க?" என்று என் மனைவியைக் கேட்டார்.

"ஒரு பருக்கைகூட இல்ல மேடம்" என்று நான் முந்திக்கொண்டேன்.

"அப்ப என்ன சாப்பிடறாங்க?"

"சப்பாத்தி."

"எத்தன?"

"ஒரு நாளைக்குப் பத்து" என்று என் மனைவி மெதுவாகச் சொன்னாள்.

அந்தப் பெண் பேனாவை வைத்துவிட்டார். "சார், அதுவும் மாவுதான. ஒரு மாவ எடுத்துட்டு இன்னொரு மாவ வெச்சிருக்கீங்க. கூழும் அப்படித்தான்." பிறகு தட்டு மாதிரி ஒரு படம் போட்டுக் காட்டினார். பாதித் தட்டு காய், கீரை. கால் தட்டு மீனோ முட்டையோ கோழியோ. மிச்சமிருந்த இடத்தில் சின்னதாக ஒரு கிண்ணம் போட்டு அதில் 'சாதம்' என்று எழுதினார்.

பஸ் மேடவாக்கம் வந்தது. அவள் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: "எனக்கு சப்பாத்தி எறங்காது மாமா. சின்ன வயசுலேர்ந்தே. ஒவ்வொரு வாய்க்கும் தண்ணி குடிச்சிக்கினு முழுங்குனேன். நீ படிச்சவனாச்சே, தெரிஞ்சிதான் சொல்றேன்னு நெனச்சேன்."

நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். வீட்டுக்கு வந்து புது ஷீட் போட்டேன். டிக் போடும் வேலையை அவளிடமே விட்டேன். அந்தப் படத்திலிருந்த சின்னக் கிண்ணத்தை மட்டும் விட்டுவிட்டேன். ஏற்கெனவே மூன்று மாதம் வீணாகிவிட்டது, இனி கொஞ்சம்கூட இடம் கொடுக்கக்கூடாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

இந்த முறை எடை இறங்கியது. மாதம் இரண்டு கிலோ, மூன்று கிலோ. முகத்தில் இருந்த பருக்கள் அடங்கின. ஒருநாள் நான் லைனில் நின்றுகொண்டிருந்தபோது அவளிடமிருந்து போன். கம்பெனி பாத்ரூமிலிருந்து பேசினாள்.

"மாமா, வந்துடுச்சு."

"இன்னா வந்துச்சு?"

"அட, அதான்யா!"

குழந்தைக்குத் தவம் இருப்பவர்கள் மாதவிடாய் வந்ததற்குச் சந்தோஷப்படும் கூத்து இந்த நோயில்தான் நடக்கும். அன்று நான் போனை வைத்துவிட்டு ஒரு நல்ல பாகத்தைச் சிவப்புத் தொட்டியில் போட்டுத் திட்டு வாங்கினேன். அடுத்தது முப்பத்துநான்கே நாளில் வந்தது. ஃப்ரிட்ஜ் மேல் இருந்த தாளில் எல்லாக் கட்டமும் டிக். மீன் கட்டத்தில் தினமும் டிக். மீன் விற்கும் வீட்டில் மீனுக்கு என்ன குறை என்று நான் அந்தக் கட்டத்தை ஒழுங்காகப் பார்த்ததுகூட இல்லை.

அந்தச் சமயத்தில்தான் அவள் மிஷின் முன்னால் மயங்கி விழுந்தாள். சூப்பர்வைசர் ஆட்டோ வைத்து வீட்டுக்கு அனுப்பினார். வெயில் என்றோம். தூக்கமில்லை என்றோம். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் வழக்கம்போல அம்மா எனக்கு முதலில் பரிமாறினாள். நான் சாப்பிட்டுவிட்டு வெளியே கிளம்பினேன். எங்கள் வீட்டில் ஆம்பளை சாப்பிட்டு எழுந்த பிறகுதான் பெண்கள் உட்காருவார்கள். யாரும் சொல்லிவைத்ததில்லை, அப்படியே நடக்கும். பாதி வழியில் போனை மறந்தது ஞாபகம் வந்து திரும்பினேன்.

அடுப்படியில் இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா தட்டில் குவியலாகச் சோறு, குழம்பு, ஒரு மீன் வால். என் மனைவியின் தட்டில் கொஞ்சம் கோஸ் பொரியலும் ஒரு கானாங்கத்தைத் தலையும் இருந்தன. வேறு ஒன்றும் இல்லை. அவள் அந்தத் தலையை உடைத்துச் செவுளுக்குள்ளிருந்து எதையோ எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னாமா இது?" என்றேன்.

"மீனு" என்றாள் அம்மா.

"இதுவா மீனு?"

"மீன் தலை மீனு இல்லாம இன்னா, ஆடா?"

"அவளுக்கு மீன் வைக்கணும்னு சொல்லிக்கிறன்ல?"

"வெச்சிகினுதானடா கீறேன்? முப்பது வருசமா நானும் தலையும் வாலும்தான் துன்றேன். உன்ன வயித்துல வெச்சிக்கினு இருந்தப்பவும் இதான்."

"நீ சோத்தோட துன்றமா. அவளுக்கு சோறு இல்லியே."

அம்மா கையை உதறினாள். கோபம் அவ்வளவாக இல்லை. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டாள். "சோத்த எடுத்தது நீதானடா? மீன நானா எடுத்தேன்? எப்பவும் வெக்கிற மாரிதான் வெச்சேன்."

கால் மணி நேரத்துக்கு முன் என் தட்டில் இரண்டு நடுத்துண்டுகள் இருந்தன. முள் நீக்கி, சோற்றில் பிசைந்து, ருசித்துச் சாப்பிட்டேன். நாலு மாதமாக ஒவ்வொரு நாளும் அப்படித்தான். கானாங்கத்தையை மூன்றாக வெட்டினால் தலையும் வாலும் பெண்களுக்கு, நடு ஆம்பளைக்கு. சோறு இருந்தவரை அந்தக் கணக்கு யார் கண்ணையும் உறுத்தவில்லை. குழம்பைச் சோற்றில் ஊற்றி வயிற்றை நிரப்பிக்கொள்வார்கள். நான் அந்தச் சோற்றை மட்டும் உருவிவிட்டேன். கண்ணெதிரே ஒருத்தி பட்டினி கிடந்திருக்கிறாள், தராசில் இறங்கிய முள்ளைப் பார்த்து நான் கைதட்டியிருக்கிறேன்.

"நீ ஏன் சொல்லல?" என்று அவளைக் கேட்டேன்.

"நான் டிக்கு போட்டது பொய் இல்ல மாமா. மீன்னுதான் எழுதியிருந்த. எவ்ளோன்னு நீ கட்டமே போடலியே" என்றாள். குத்திக்காட்டுவது போல் இல்லை. மீன் தலையை ஓரமாக வைத்துவிட்டுத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள், நான் பார்க்காதபடி.

மறுநாளிலிருந்து நடுத்துண்டு அவளுக்கு என்று சொல்லிவிட்டேன். அம்மா மறுக்கவில்லை. ஆனால் மாமியார் வாலைத் தின்னும்போது பக்கத்தில் உட்கார்ந்து நடுத்துண்டு தின்ன அவளால் முடியவில்லை. பாதியை அம்மா தட்டில் வைப்பாள். அம்மா, "எனுக்கு எதுக்குடி, பல்லு போன காலத்துல" என்று திருப்பி வைப்பாள். இது எப்படியோ வெளியே தெரிந்தது. அம்மாவோடு ரோட்டோரம் மீன் விற்கும் ஓர் அக்கா வீட்டுக்கு வந்தபோது அடுப்படியை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, மருமவளுக்கு நடுத்துண்டுலாம் போவுது? எதுனா விசேசமா?" என்று கேட்டது. எங்கள் ஆட்களில் பெண்ணுக்கு நடுத்துண்டு கிடைக்கும் ஒரே காலம் அவள் வயிற்றில் குழந்தை இருக்கும் காலம்தான்.

அப்போது அவளுக்கு நாள் தள்ளியிருந்தது. முப்பத்தெட்டாவது நாள்.

அம்மா விரல்விட்டு நாள் எண்ணினாள். அடுத்த நாள், விற்கவேண்டிய வஞ்சிரத்தில் ஒரு பெரிய துண்டை வெட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். எனக்குத் தெரிந்து வஞ்சிரம் எங்கள் அடுப்பில் ஏறியது அப்பாவின் காரியத்துக்கு அப்புறம் அன்றுதான். நாற்பது நாள் ஆனது. நாற்பத்தைந்து ஆனது. இந்த நோயில் நாள் தள்ளினால் அது குழந்தையாகவும் இருக்கலாம், பழைய நோயே திரும்பி வந்ததாகவும் இருக்கலாம். எனக்கு அது தெரியும். அவளுக்கும் தெரியும். அம்மாவுக்கு மட்டும் தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் அம்மாவுக்குத் தெரிந்ததையே நம்ப ஆரம்பித்தோம்.

மருந்துக்கடையில் சோதனைக் குச்சி வாங்கிவந்தேன். ஒரே ஒரு கோடு.

"இன்னும் நாளாவணும் போல மாமா" என்றாள்.

ஒரு வாரம் விட்டு இன்னொன்று. அதிலும் ஒரு கோடு.

"அந்தக் குச்சிக்கு இன்னாடி தெரியும்?" என்றாள் அம்மா. "உன் மூஞ்சிய பாத்தாலே தெரியுது. நீ துன்னு." ஒரு கரண்டிச் சோறும் வைத்தாள். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். அந்த ஒரு வாரம் ஃப்ரிட்ஜ் மேல் இருந்த தாளில் யாரும் எதுவும் எழுதவில்லை.

ஐம்பத்தெட்டாவது நாள் அவள் சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் ஷிப்ட் முடிந்து வந்தபோது குளித்துவிட்டு, தலை துவட்டாமல், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வந்துவிட்டது என்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அம்மா வாசலில் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். வழக்கத்தைவிட அதிக நேரம் கழுவினாள்.

"நான் என்.ஜி.யா மாமா?" என்று அவள் கேட்டாள். அந்த வார்த்தையை என்னிடமிருந்துதான் அவள் கற்றிருந்தாள்.

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். என் வாய் திறப்பதற்குள் கொஞ்ச நேரம் ஆகிவிட்டது. அந்தக் கொஞ்ச நேரத்தை அவள் பார்த்துவிட்டாள்.

மறுநாள் என் தட்டில் நடுத்துண்டு திரும்ப வந்திருந்தது. அம்மா வேண்டுமென்று செய்யவில்லை என்று இப்போதும் நம்புகிறேன். காலியான இடத்தில் பழைய வழக்கம் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். நான் அதை அடுப்படிக்கு எடுத்துக்கொண்டுபோய் என் மனைவியின் காலித் தட்டில் வைத்தேன். அவள் எடுத்து என் தட்டில் வைத்தாள். மறுபடி வைத்தேன். மறுபடி வந்தது. மூன்றாவது முறை வைக்க எனக்குத் தெம்பில்லை. சாப்பிட்டேன்.

டாக்டர் சொன்ன ஆறு மாதம் எட்டாகியிருந்தது. போனோம். அவர் எடையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை, இன்சுலின் எல்லாம் நன்றாக இறங்கியிருப்பதாகச் சொன்னார். பிறகு என் மனைவியின் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். அவள் சொன்னாள்.

"சாதம் சுத்தமா இல்லையா? யாரு நிறுத்தச் சொன்னா? நான் குறைக்கத்தான சொன்னேன்? இப்படி வெறும் வயித்துல இருந்தா ரத்தம் எப்படிம்மா ஊறும்?"

நான் தரையைப் பார்த்தேன். அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "எனக்கே புடிக்கல மேடம், அதான்" என்றாள்.

கருமுட்டை வளர ஒரு மாத்திரை எழுதினார். அளவாகச் சோறு, நிறைய மீன், முட்டை, காய். விடாமல் இருந்தால் வாய்ப்பு உண்டு என்றார், ஆனால் சத்தியம் பண்ண முடியாது என்றும் சொன்னார். வெளியே வந்ததும் அவள் என் கையிலிருந்த தாளை வாங்கி, மடித்து, தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். ஆங்கிலத்தில் எழுதியிருந்த தாள். ஒரு தாளை அவள் என்னிடமிருந்து வாங்கியது அதுதான் முதல் தடவை.

"படிச்சுச் சொல்றேன்" என்றேன்.

"மருந்துக்கடையில படிப்பாங்க" என்றாள். பிறகு ரோட்டைப் பார்த்தபடி பேசினாள். "நான் விடல மாமா. எனக்கும் புள்ள வேணும். இன்னும் ஒரு வருசம்னாலும் இருப்பேன். ஆனா நான் துன்றத நீ பாக்கக்கூடாது. எழுதக்கூடாது. கேக்கக்கூடாது. நீ பாத்தா எனக்குத் தொண்டையில எறங்க மாட்டேங்குது."

சரி என்றேன்.

அன்று ஃப்ரிட்ஜ் மேல் இருந்த தாளைக் கிழித்தேன். இப்போதெல்லாம் அவர்கள் இரண்டு பேரும் தட்டு எடுத்ததும் நான் சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை நடந்துவிட்டு வருகிறேன். அங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லை. குப்பை லாரி நிற்கும், நாய்கள் படுத்திருக்கும். நடுத்துண்டு யாருக்குப் போகிறது, கிண்ணத்தில் எவ்வளவு சோறு, அவள் வயிறு நிறைகிறதா, எதுவும் எனக்குத் தெரியாது. மாத்திரை ஆரம்பித்து இது நான்காவது மாதம். குழந்தை இல்லை. அவளுக்கு நாள் சரியாக வருகிறதா, தள்ளிப்போகிறதா என்றும் தெரியாது. சில சாயங்காலம் அவள் முகம் வெளுத்திருக்கும். ஏன் என்று கேட்க வாயெடுப்பேன். அவள் என்னைப் பார்ப்பாள். நான் மூடிக்கொள்வேன். சட்டையைத் தேடுவேன்.